லிண்ட்சே அடைத்த ஓட்டை

பெண்டிகோ நகரத்தில் புது வீடு கட்டுகிறவர்கள், சுவருக்கு ஜிப்சம் பலகை மாட்டும் நேரம் வந்தால் முதலில் தேடுவது லிண்ட்சே ட்ரிவார்த்தாவைத்தான். இருபத்தாறு வருஷத் தொழில். அவன் பட்டி பார்த்துத் தேய்த்துவிட்ட சுவரில், இரண்டு பலகைகள் சேரும் இடத்தை விளக்கு வைத்துத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. அப்பேர்ப்பட்டவன் தன் வீட்டு நடைவழியில், தானே மாட்டிய சுவரில், தானே குத்திப் போட்ட ஓட்டையைச் சனிக்கிழமை அடைக்க வேண்டியிருந்தது.

மகள் பிரையனிக்குப் பதினாறு வயது. வண்டி ஓட்டப் பழகுகிறாள். செவ்வாய்க்கிழமை அப்பாவின் வேலை வண்டியைப் பின்னால் எடுக்கும்போது வாசல் கம்பத்தில் உரசிவிட்டாள். கதவில் ஒரு முழக் கீறல். அதற்குத்தான் அந்தக் குத்து, சுவரோரம் நின்ற மகளின் காதுக்கு ஒரு சாண் தள்ளி. மனைவி நரெல் அன்றைக்கே மகளைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

"கண்ணு மண்ணு தெரியல நரெல். என்ன செய்யறேன்னே எனக்குத் தெரியல," என்று தினமும் போனில் கெஞ்சினான்.

"சனிக்கிழமை மத்தியானம் வர்றோம். தங்கறதா, துணிய எடுத்துக்கிட்டுக் கெளம்பறதான்னு அப்ப பாக்கலாம்," என்றாள் அவள்.

காலையில் பெயிண்ட் வாங்கக் கடைக்குப் போனான். கடை வாசலில் கால்பந்துக் கிளப்புக்குப் பணம் சேர்க்க கெவின் சாசேஜ் சுட்டு விற்றுக்கொண்டிருந்தான். பழைய கூட்டாளி. வீட்டுக்குப் பெயிண்ட் வாங்க வந்ததாக லிண்ட்சே சொன்னான்.

"என்னப்பா, உன் வீட்லயே வேலையா? சம்பளம் யாரு தர்றா?"

"ஃப்ரிட்ஜ நகத்தும்போது செவுத்துல இடிச்சிருச்சு."

"எவ்வளவு பெரிசு?"

யோசிக்காமல் முஷ்டியை மடக்கிக் காட்டினான் லிண்ட்சே. கெவினின் சிரிப்பு அப்படியே வற்றிப்போயிற்று. குனிந்து, ஏற்கெனவே திருப்பிப் போட்ட சாசேஜ்களை மறுபடி திருப்ப ஆரம்பித்தான். லிண்ட்சே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே போனான்.

வீட்டுக்கு வந்து, ஓட்டையைச் சதுரமாக அறுக்கும் முன் இரண்டு பக்கமும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். தொழில் பழக்கம். பலகைக்குப் பின்னால் அதைத் தாங்கும் மரச்சட்டம் இருந்தால் சத்தம் கெட்டியாகக் கேட்கும், இல்லையென்றால் பொள்ளலாக. இடது பக்க மரத்துக்கு டேப் பிடித்தான். வலது பக்கமும் பிடித்தான். ஓட்டை நூல் பிசகாமல் இரண்டு மரத்துக்கும் நடுவில் இருந்தது.

மரத்தில் பட்டிருந்தால் விரல்கள் நொறுங்கியிருக்கும். கையைப் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். இவனுக்கு என்ன மட்டாகிவிட்டது? அத்தனை ஆத்திரத்திலும் கை நோகாத இடமாகப் பார்த்தல்லவா குத்தியிருக்கிறான்! நாலு நாளாக மனைவியிடம் சொன்னது பச்சைப் பொய்.

ஆனாலும் வேலை வேலைதான். துண்டு வைத்தான், சீக்கிரம் இறுகும் பட்டியைப் பூசினான், உப்புத்தாளால் தேய்த்தான், பெயிண்ட் அடித்தான்.

மத்தியானம் நரெல் மட்டும் உள்ளே வந்தாள். சுவரைத் தடவிப் பார்த்தாள்.

"எந்த எடம்னே தெரியல லிண்ட்ஸ்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பையை இறக்கி வைத்துவிடுவாள் போலிருந்தது. அவனால் முடியவில்லை.

"எனக்குத் தெரியும் நரெல். மரம் எங்க இருக்கு, எங்க இல்லன்னு தெரிஞ்சுதான் குத்தியிருக்கேன். கண்ணு மண்ணு தெரியலன்னதெல்லாம் பொய்."

நரெல் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "அன்னிக்கு உன் கைக்கு ஐஸ் எடுத்துக்கிட்டு ஓடி வந்தேன். ஒரு கீறல் கூட இல்ல. அப்பவே நெனச்சேன். எங்கிட்ட சொல்லி என்ன ஆவுது? போய் அவகிட்ட சொல்லு."

பிரையனி காரிலேயே உட்கார்ந்திருந்தாள். அவன் தட்டியதும் கண்ணாடியை நாலு விரல் அளவுக்கு இறக்கினாள். அந்த இடைவெளி வழியாக அவன் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடித்தபோது இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்று நினைத்தான்.

பிரையனி அந்த இடைவெளி வழியாகவே கேட்டாள்.

"அப்ப, நான் எங்க நிக்கறேன்னும் உனக்குத் தெரிஞ்சிருக்கும்லப்பா?"

அதை அவன் யோசித்திருக்கவில்லை.

"தெரிஞ்சிருந்துச்சு," என்றான்.