தண்ணீர் நிற்காத ஊருக்கு

அருப்புக்கோட்டையிலிருந்து விருதுநகர் வரை பன்னிரண்டு மைல் பஸ். அங்கிருந்து தென்காசி வரை ரயில். தென்காசியிலிருந்து மூன்று மைல் குதிரை வண்டி. குற்றாலத்துக்கு வழி இவ்வளவுதான். ஆனால் எங்கள் வீட்டு வாசற்படியைத் தாண்ட எனக்கு மூன்று வருடம் பிடித்தது.

நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவள். கரும்பலகையில் ஒரு மலை வரைந்து, அதிலிருந்து நாலு கோடு கீழே இழுத்து, "இதுதான் அருவி" என்று வருடாவருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், நீங்க நேர்ல பாத்திருக்கீகளா?" என்று கேட்டுவிட்டாள். வகுப்பு மொத்தமும் என் முகத்தையே பார்த்தது. இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. போயே தீர்வது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

ஆனி, ஆடி, ஆவணிதான் குற்றாலத்தில் சீசன். அப்போது பள்ளிக்கூடம் என்னை விடாது. மே மாத விடுமுறையில் போனால் பாறையைத்தான் பார்க்க முடியும். மிச்சம் இருப்பது புரட்டாசியில் வரும் காலாண்டு விடுமுறை ஒன்றுதான். அது சீசனின் வால். சில வருடம் நீளமாக இருக்கும், சில வருடம் ஆவணியோடு அறுந்துபோகும் என்றார்கள். இரண்டு வருடம் அறுந்தே போயிற்று.

எங்கள் வீட்டில் என் கணவரின் அக்கா சொல்வதுதான் சட்டம். நான் அவரை மதினி என்று கூப்பிடுவேன். ஊருணியிலிருந்து வரும் தண்ணீருக்கு அவர்தான் காவல். குளிக்க ஆளுக்கு ஒரு குடம், தலைக்கு ஊற்றிக்கொண்டால் ஒன்றரை. "தண்ணியப் பாக்கப் பணத்தத் தண்ணியாச் செலவழிக்கப் போறாளாம்" என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

மூன்றாவது வருடம் முன்னெச்சரிக்கையாக விசாரித்தோம். தென்காசியில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி குற்றாலத்தில் அறை வாடகைக்கு விடுகிறார் என்று தெரிந்தது. கடையில் டெலிபோனும் உண்டு. என் கணவர் தபாலாபீஸில் வெகுநேரம் காத்திருந்து டிரங்க்கால் போட்டார். "அருவியில தண்ணி எப்படி இருக்கு?" என்று இவர் கத்த, "நிக்கல சார், தண்ணி நிக்கல!" என்று பதில் வந்ததாம். அதோடு லைன் அறுந்துவிட்டது.

இவர் தொங்கிய முகத்தோடு வீட்டுக்கு வந்தார். எங்களுடையது கண்மாய்ச் சீமை. கண்மாயில் தண்ணீர் நிற்கிறது என்றால் நெல் விளையும், கல்யாணம் நடக்கும். நிற்கவில்லை என்றால் எல்லாம் போயிற்று. 

"நான்தான் அப்பவே சொன்னேன்ல" என்றார் மதினி.

எனக்கு வீம்பு வந்துவிட்டது. "தண்ணி நின்னாலும் சரி, நிக்காட்டாலும் சரி, நான் போறேன். அங்க பாறை காஞ்சு கிடந்தா, இனிமே இந்த வீட்டுல ஊருக்குப் போற பேச்சையே எடுக்க மாட்டேன்" என்றேன். சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய வார்த்தை என்று உறைத்தது.

"நீ சொன்ன சொல்ல மாத்திரப்படாது. சாட்சிக்கு நானும் வாறேன்" என்று மதினி பெட்டியில் சேலையை எடுத்து வைத்தார்.

அறை வேண்டும் என்று அண்ணாச்சிக்கு ஒரு கார்டு போட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை காலை கிளம்பினோம். விருதுநகரில் ரயில் ஏறும்போதே வெயில் உச்சியைப் பிளந்தது. சிவகாசி, ராஜபாளையம், சங்கரன்கோவில் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கரிசலும் கருவேலும்தான். மேற்கே மலை தெரிகிற இடத்திலெல்லாம் நான் மேகத்தைத் தேடினேன். மதினி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிர்ப் பலகையில் கடையநல்லூர் ஜவுளி வியாபாரி ஒருவர் இருந்தார். தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே, "எங்கன போறீய?" என்று கேட்டார். குற்றாலம் என்றதும் அவர் புருவம் ஏறியது.

"சீசன் முடிஞ்சிட்டே! கூட்டமெல்லாம் போயிட்டுல்லா. இப்ப அங்கன என்ன இருக்கு?"

 மதினி கட்டுச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து எனக்குப் பெரிய உருண்டையாக எடுத்து வைத்தார். தோற்கப்போகிறவளுக்குக் காட்டும் கருணை அது. 

மத்தியானத்துக்கு மேல் தென்காசியில் இறங்கினோம். வெயில் இருந்தது, ஆனால் சுடவில்லை. காற்றில் ஒரு ஈரம். கோயில் கோபுர வாசல் பக்கமாக வந்த குதிரை வண்டியை நிறுத்தி, ஒண்ணேகால் ரூபாய்க்குப் பேசினோம். மதினி ஏறி உட்காரும் முன்னே கேட்டுவிட்டார். "ஏப்பா, அருவியில தண்ணி நிக்குதா?"

வண்டிக்காரருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நல்ல நாளும் பொழுதுமா என்ன கேள்வி கேக்கீய ஆச்சி? அது ஏன் நிக்கணும்? நிக்காது!"

"கேட்டியா? நிக்காதாம்" என்று என் பக்கம் திரும்பினார் மதினி. பிறகுதான் அவருக்கு இன்னொன்று உறைத்தது. "ஆச்சியாம்ல! நான் என்ன கிழவியா?"

வண்டி மேற்கே ஓடியது. இரண்டு பக்கமும் வயல் பச்சை, தென்னை, ஓடும் வாய்க்கால். எனக்கு எதுவும் மனதில் ஒட்டவில்லை. இனி ஆயுசுக்கும் நாலு கோடுதான் என்று நினைத்துக்கொண்டேன். கண்ணில் நீர் முட்டியது. அப்போது கையில் ஒரு துளி விழுந்தது. நான் அழுதுவிட்டேன் போலும் என்று துடைத்தேன். இன்னொன்று விழுந்தது. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே பூப்போலத் தூறியது. குதிரை காதைச் சிலுப்பிக்கொண்டது.

"சாரல் ஆச்சி, சாரல்! நேத்து மலையில நல்ல மழைல்லா" என்றார் வண்டிக்காரர். "இந்த வருசம் புரட்டாசியிலயும் தண்ணி நிக்காம விழுது."

மதினி முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். தூரத்தில் ஏதோ மில் ஓடுவதுபோல் ஒரு இரைச்சல் கேட்டது. வண்டி போகப் போக அது வளர்ந்தது. கடைவீதி திரும்பியதும் மலை முழுக்க வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தது பேரருவி.

அறை வாசலில் அண்ணாச்சியே நின்றிருந்தார். "நான்தான் போன்ல சொன்னேன்லா சார், நிக்கலன்னு!"

"அதான் நிக்கலன்னு சொன்னீகளே" என்றார் என் கணவர், திகைத்துப்போய்.

 சட்டென்று விளங்கிப்போய் என் கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் அண்ணாச்சி பயந்தேபோனார். தண்ணீர் நின்றால் எங்களுக்குச் செழிப்பு. அருவியில் நின்றால் இவர்களுக்குப் பிழைப்பே போச்சு. ஒரே தமிழ், நடுவில் ஒரு நாள் பயணம் கூட இல்லை.

இந்தப் பேரருவியைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். என் நாலு கோடும் பொய். தண்ணீர் நேராகக் கீழே வருவதில்லை. நடு மலையில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் இறங்கி, அங்கிருந்து மறுபடி துள்ளிக் குதித்து வருகிறது. பெண்கள் பக்கம் கூட்டமே இல்லை. சீசன் முடிந்ததென்று உலகமே போய்விட்டதால் மொத்த அருவியும் எங்களுக்குத்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் கொடுத்தேன். முதுகில் தடதடவென்று அடி விழுந்தது. ஜெயித்துவிட்டேன், ஜெயித்துவிட்டேன் என்று சத்தம் போட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மதினி கரையில் நின்று பாறையில் வழிந்தோடும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவும் வீணாப் போகுதேடி" என்றார்.  கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். முதலில் கூச்சலிட்டார், பிறகு அமைதியாகிவிட்டார். குடத்தை எண்ணிய அந்த மனுஷி கண்ணை மூடிக்கொண்டு, அளவில்லாத தண்ணீருக்கடியில் அசையாமல் நின்றார். நான் வெளியே வந்து தலை துவட்டினேன். உடம்பு நடுங்கி, பசி எடுத்து, போகலாம் என்று மூன்று முறை கூப்பிட்டேன். அவர் வருவதாக இல்லை.

மறுநாள் பக்கத்திலிருக்கும் பண்பொழி மலைக்கோயிலுக்குப் போனோம். படியேறித் திரும்பிப் பார்த்தால் கீழே வடகரை ஊர் வரை வயலும் தென்னையும் பாய் விரித்திருந்தன. சாமி கும்பிட்ட கையோடு, "மறுபடி அருவிக்குத்தானே?" என்றார் மதினி. ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது அருவியின் இரைச்சல் ஊர் எல்லைவரை கூட வந்தது. அது தேய்ந்து மறைகிறவரை மதினி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அருப்புக்கோட்டையில் இறங்கினால் வழக்கமான புழுதி. பெட்டியைக் கீழே வைப்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரி வாசலில் வந்து நின்றாள். "என்னக்கா, குத்தாலத்துல தண்ணி எப்பிடி?"

மதினி என்னை ஒரு பார்வை பார்த்தார். "நிக்கலடி" என்றார்.

"அடப் பாவமே! வீண் அலைச்சலா?" என்று அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

மதினி சிரிப்பை அடக்க முடியாமல் வீட்டுக்குள் ஓடினார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "அடுத்த வருசமும் நிக்காதாம். போறோம்!"