பூட்டு மேடமும் பச்சை ஸ்கூட்டரும்

என் அக்காவுக்கு பேங்கில் வைத்திருக்கும் பெயர் பூட்டு மேடம். பேங்க் என்றால் பெரிதாக ஒன்றும் கற்பனை செய்ய வேண்டாம். எங்கள் ஊரையும் சுற்றுவட்டாரத்தையும் நம்பிப் பிழைக்கிற சின்ன பேங்க். தலைமை அலுவலகத்தில் லிஃப்ட் உண்டு, ஓடாது. இரண்டாவது மாடியில் ஜெராக்ஸ் மிஷினுக்கும் சுவருக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிறது அக்காவின் மேஜை. அங்கே உட்கார்ந்துகொண்டுதான் அவள் சேர்மன் முதல் பியூன் வரை எல்லோரையும் ஆட்டிப் படைக்கிறாள்.

அவள் வேலை இதுதான். பேங்கின் கணக்கு முடிவு வெளியாவதற்கு முன்னால் சில வாரம், உள் ஆட்களும் அவர்கள் வீட்டு ஆட்களும் பேங்கின் பங்கை வாங்கவோ விற்கவோ கூடாது. லாபமா நஷ்டமா என்று முன்கூட்டியே தெரிந்தவர்கள் சந்தையில் புகுந்து காசு பார்த்துவிடுவார்கள் அல்லவா, அதற்குத்தான் இந்தத் தடை. தடையை அறிவிப்பதும் மீறுகிறவரைப் பிடிப்பதும் அக்கா. தடை இல்லாத நாட்களிலும் அவளிடம் எழுதிக்கொடுத்து அனுமதி வாங்காமல் ஒரு பங்கைக்கூட அசைக்க முடியாது.

பேங்கின் ஆண்டறிக்கையை அச்சடிப்பது என் அச்சகம். ஆகவே யாரிடம் எவ்வளவு பங்கு என்கிற அட்டவணை எனக்கு மனப்பாடம். பாதிக்கு மேல், எங்கள் ஊர்ப் பக்கம் தலைவைத்தும் படுக்காத பெரிய பெரிய முதலீட்டு ஃபண்டுகள் கையில். அடுத்து சேர்மன், டைரக்டர்கள், அதிகாரிகள். கடைசியில் மிச்சம் மீதியெல்லாம் சேர்ந்து ஒரே ஒரு வரி. அந்த வரிக்குள் எங்கேயோ அக்காவின் வீட்டுக்காரர், என் அத்தானும் இருந்தார்.

அறிக்கையை முன்னாலேயே படித்துவிடுகிறேனாம், அதனால் நானும் உள் ஆளாம். கூடப்பிறந்த தம்பி என்றுகூடப் பார்க்காமல் என்னிடமும் கையெழுத்து வாங்கினாள். எனக்கு அந்த பேங்கில் அரைப் பங்குகூடக் கிடையாது. இல்லாத பங்கை விற்க மாட்டேன் என்று எழுதிக்கொடுத்த ஒரே மனிதன் நானாகத்தான் இருக்க வேண்டும்.

என்னை விடுங்கள், சேர்மனையே விடவில்லை. அவருடைய மருமகன் தடை நேரத்தில் கொஞ்சம் பங்கு வாங்கிப் போட்டான். அக்கா மோப்பம் பிடித்து, வந்த லாபத்தையெல்லாம் கக்க வைத்து, மாமனாருக்கும் சேர்த்து எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தாள். அதன்பிறகு ரொம்ப நாள் சேர்மன் அவளுடைய வணக்கத்துக்கு ஜன்னலைப் பார்த்துத்தான் தலையாட்டினார். அவளோ தினமும் விடாமல் வணக்கம் வைத்தாள்.

அத்தான் அவளுக்கு நேர் எதிர். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வாய் ஓயாது. பேங்க் முதன்முதலில் பங்கு வெளியிட்டபோது, அக்காவிடம் முறைப்படி மனுப்போட்டு நூற்றிருபது பங்கு வாங்கினார். அன்றிலிருந்து மனிதரைப் பிடிக்க முடியவில்லை. கண்ணாடி மாட்ட வருகிறவர்களிடமெல்லாம், "நம்ம பேங்குதாங்க, சும்மா போய் என் பேரைச் சொல்லுங்க" என்பார். அவர் பெயரைச் சொன்னவர்களுக்கு என்ன கிடைத்தது என்று நான் விசாரிக்கவில்லை.

அப்படிப்பட்டவரை ஒரு ஸ்கூட்டர் கவிழ்த்தது. அக்காவின் பழைய ஸ்கூட்டர் உதை வாங்காமல் கிளம்பாது, கிளம்பினாலும் நினைத்த இடத்தில் நின்றுவிடும். ஒருநாள் கொட்டுகிற மழையில் பேங்க் வாசலிலேயே நின்றுபோய், பின்னால் சேர்மனின் கார் ஹாரன் அடிக்க, கடைசியில் சேர்மனின் டிரைவர் இறங்கித் தள்ளிவிட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து அக்கா அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அத்தான் சிரிக்கவில்லை. அவருக்கு அது மனதில் தைத்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தான் என்னைக் கூப்பிட்டார். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஷோரூமிலிருந்து புத்தம்புது பச்சை ஸ்கூட்டரை நான்தான் ஓட்டிவந்தேன். பழையதை எக்ஸ்சேஞ்சில் தள்ளியாகிவிட்டது. பின்சீட்டில் அத்தான் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா போ மச்சான், அவ பாக்குறதுக்கு முன்னாடி கீறல் விழுந்துடப் போகுது" என்று வழியெல்லாம் பிராணனை வாங்கினார்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தாள். சீட்டைத் தடவிப் பார்த்தாள். கண்ணாடியைத் திருப்பித் தன் முகத்தையும் ஒருதரம் பார்த்துக்கொண்டாள். அவள் முகம் அவ்வளவு மலர்ந்து நான் பார்த்து வருஷக்கணக்காகிறது.

"இவ்ளோ பணம் ஏதுங்க?" என்றாள்.

"எல்லாம் உன் பேங்க் குடுத்ததுதான். நம்ம பங்கை வித்துட்டேன்."

"எப்ப?"

"போன வியாழக்கிழமை."

அக்கா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கணக்கு முடிவு வர இன்னும் பத்து நாள் இருந்தது. தடை ஆரம்பித்து ரெண்டு வாரம் ஆகியிருந்தது.

"விக்கிறதுக்கு முன்னாடி என்கிட்ட சொல்லணும்னு தெரியாதா உங்களுக்கு? வாங்கும்போது மனு எழுதிக் குடுத்தீங்கல்ல?"

"தெரியும். ஆனா உன்கிட்ட சொன்னா அப்புறம் இதுல என்ன சர்ப்ரைஸ் இருக்கு?"

அனுமதி கொடுக்கிறவளுக்கே தெரியாமல் அவளுக்குப் பரிசு வாங்க விதிப்புத்தகத்தில் வழி கிடையாது. வீட்டு ஆள் செய்த தப்பு ஊழியர் செய்த தப்பு, வேலையே போகலாம் என்பது மட்டும் அதில் தெளிவாக இருக்கிறது. அந்தப் புத்தகத்தை அச்சடித்தவன் என்கிற முறையில் எனக்கும் அது தெரியும். அக்கா உள்ளே போய் ஒரு பழைய போர்வையை எடுத்துவந்து வண்டியை மூடினாள். "உனக்காகத்தானே செஞ்சேன்" என்று அத்தான் முனகியது அவள் காதில் விழுந்தது, ஆனால் திரும்பவில்லை.

மறுநாள் பஸ்ஸில் போய், தன் மேலதிகாரியிடம் தானே சொன்னாள். அவர் இளகிய மனசுக்காரர். கதவைச் சாத்திவிட்டு, "நூத்தி இருபது பங்குதானேம்மா. தடைக்கு முன்னாடி தேதி போட்டு ஒரு அனுமதி மனு எழுதிக் குடுங்க. கையெழுத்து போட்டுடறேன். யாருக்குத் தெரியப்போகுது" என்றாராம்.

"எனக்குத் தெரியும் சார். நாளைக்கு இன்னொருத்தரை நான் எந்த முகத்தை வச்சிக்கிட்டு கேக்கறது?"

பிடிவாதம் எங்கள் குடும்பச் சொத்து, அதில் என் பங்கையும் சேர்த்து அவளே எடுத்துக்கொண்டாள். ஊழியரின் குடும்பத்தார் தடைக் காலத்தில் பங்கு விற்றிருக்கிறார் என்று பங்குச் சந்தைக்கு அறிவிப்பை அவளே அனுப்பினாள்.

அடுத்த நாளே போன் வந்துவிட்டது. பேங்கில் ஆகப்பெரிய பங்கு வைத்திருக்கும் ஃபண்டிலிருந்து, எங்கேயோ ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கும் மேனேஜர். உள் ஆள் விற்கிறான் என்றால் பேங்க் முழுகப்போகிறது என்று அவர்களுடைய கம்ப்யூட்டர் அலறியதாம். சேர்மன் அக்காவை வரவழைத்து போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"எவ்வளவு வித்தாங்க?"

"நூத்தி இருபது, சார்."

"ஆயிரத்துல சொல்றீங்களா?"

"இல்ல சார். வெறும் நூத்தி இருபது."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"எதுக்கு வித்தாராம்?"

"எனக்கு ஸ்கூட்டர் வாங்க."

"என்ன கலர்?" என்று கேட்டார். பச்சை என்றாள். அவ்வளவு பெரிய ஃபண்டின் மேனேஜர் சிரித்ததில் சேர்மன் அறை அதிர்ந்ததாம். சேர்மன் சிரிக்கவில்லை. விசாரணைக் கமிட்டி கூடி முடிவு சொல்லும் என்று அனுப்பிவிட்டார். கமிட்டிக்குத் தலைவரும் அவரேதான்.

அந்த நாட்களில் அக்கா வீட்டில் சமைத்தாள், பரிமாறினாள், பேசவில்லை. அத்தான் கடையில் தூரப்பார்வைக்காரருக்குக் கிட்டப்பார்வைக் கண்ணாடியைக் கொடுத்து அனுப்ப, அந்த ஆள் எதிர்க்கடைக்குள் நுழைந்து கண்ணாடிக்கு பில் கேட்டிருக்கிறார். "அவ வேலை போச்சுன்னா என்னை நானே மன்னிக்க மாட்டேன் மச்சான்" என்று என்னிடம் வந்து கண்கலங்கினார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அந்த மேஜையை விட்டால் அவளுக்கு உலகத்தில் வேறு நாற்காலி பிடிக்காது.

இதற்கிடையில் கணக்கு முடிவு வந்தது. அச்சுக்கு வந்தபோதே எனக்குத் தெரியும், அக்காவுக்கு எனக்கு முன்னாலேயே தெரியும். பேங்க் இதுவரை பார்க்காத லாபம். பங்கு விலை விறுவிறுவென்று ஏறியது. அத்தான் விற்ற விலையை நினைத்தாலே வயிற்றெரிச்சல்.

கமிட்டி கூடியது. வந்த லாபத்தைப் பறிமுதல் செய்யலாம் என்று கணக்குப் பார்த்தால், லாபமே இல்லை. வாங்கிய விலைக்கும் கீழேதான் அத்தான் விற்றிருக்கிறார். ஒரு டைரக்டர், விதி விதிதான், வேலையிலிருந்து நீக்கலாம் என்றார். சேர்மன் காகிதங்களை மூடிவைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார். ஜன்னலைப் பார்க்கவில்லை.

"விலை ஏறப்போகுதுன்னு உங்களுக்குத் தெரியும் இல்லையாம்மா?"

"தெரியும் சார்."

"வீட்டுல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த மனுஷன் வித்திருப்பாரா?"

"மாட்டார் சார்."

சேர்மன் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "கட்டின புருஷன் நஷ்டத்துக்கு விக்கிற அளவுக்கு வாயைப் பூட்டி வச்சிருக்காங்க. இவங்களை அனுப்பிட்டு அந்த மேஜையில யாரை உட்கார வைக்கப் போறீங்க? என் மருமகனையா?"

சேர்மனுக்குக் கொடுத்த அதே எச்சரிக்கைக் கடிதம் அக்காவுக்கும் அத்தானுக்கும் என்று முடிவானது. அதை டைப் அடிக்க வேண்டியது யார்? அவளேதான். தன் பிரதியில் தானே பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டாள்.

அன்று சாயங்காலம் நான் அக்கா வீட்டில் இருந்தேன். அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் அத்தானிடம் கடிதத்தை நீட்டினாள். அவர் மூன்று கண்ணாடி மாற்றிப் படித்தார். வேலை தப்பியது என்று புரிந்ததும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டார்.

"அழுதது போதும், இங்க கையெழுத்துப் போடுங்க" என்றாள். போட்டார். தேதியும் போடச் சொன்னாள். போட்டார். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். போர்வையை உருவி என் கையில் திணித்தாள்.

"சாவி எங்க?"

அத்தான் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். இத்தனை நாளும் அங்கேயே வைத்திருந்திருக்கிறார். அக்கா வண்டியைக் கிளப்பி, அவர் பின்னால் ஏறி உட்காரும்வரை காத்திருந்தாள்.

"இனிமே எனக்குத் தெரியாம ஏதாவது வாங்கிக் குடுக்கணும்னா, ஒரு வாரம் முன்னாடியே என்கிட்ட எழுதிக் குடுத்துடுங்க."

"சரிம்மா" என்றார் அத்தான்.