மின்னாத சால்டர்

வில்லாபுரத்தில் நான் வேலை பார்க்கும் பட்டறையில், பச்சிளங்குழந்தைகளைச் சூட்டோடு வைத்திருக்கும் ஆஸ்பத்திரிக் கருவிக்கு சர்க்யூட் போர்டு செய்கிறோம். எல்லா போர்டையும் கடைசியாகப் பார்த்துத் திருத்துவது நான்தான். போன வருடம், ஈயம் விஷம் என்று, போர்டில் பாகங்களைப் பற்றவைக்கும் பழைய சால்டர் கம்பியை நிறுத்திவிட்டு, ஈயமே கலக்காத புதுக் கம்பி கொடுத்தார்கள். அது உருகி இறுகினால் மங்கலாகத்தான் இருக்கும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். மின்னினால்தான் நல்ல வேலை என்று பதினாறு வருடம் பழகிய கண் கேட்குமா? என் கை பட்டது அழுக்குப் போல வெளியே போவதா? டப்பாவில் மிச்சமிருந்த பழைய கம்பியால் யாருக்கும் தெரியாமல், மின்னட்டும் என்று மேலே ஒரு பொட்டு வைத்தேன்.

போர்டு வாங்கும் கம்பெனியின் இன்ஜினியர் சோதிக்க வந்தார். துப்பாக்கி போன்ற ஒரு கருவியை போர்டின் மேல் வைத்தவர், முகம் சுருங்கி நிமிர்ந்தார்.

"இதுல ஈயம் இருக்கு."

முதலாளி கொதித்துப்போனார். "கம்பிக்காரன் கலப்படம் பண்ணிட்டான். இப்பவே கேக்குறேன்" என்று போன் போட்டார். மணி அடிப்பது எனக்கே கேட்டது. எதிர்முனையில் யாரோ ஹலோ என்றார்கள்.

"அண்ணே, போனை வைங்க. கம்பி மேல தப்பில்ல. நாந்தேன் பழசை வச்சுத் தொட்டேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன்.

"எம்புட்டு போர்டுல?"

"மங்கலாத் தெரிஞ்சதுல எல்லாம்."

புதுக் கம்பியில் மங்கலாகத் தெரியாத போர்டு என்று ஒன்றுமே இல்லை. லாரியில் ஏற்ற ஒட்டி வைத்த போர்டுப் பெட்டிகள் சுவரோரம் கூரை வரை நின்றன.