மூக்கு கடலைப் பார்க்க ஒரு இரட்டை அச்சு வண்டி

காடாம்புலியூர் முந்திரித் தோப்பிலிருந்து தேவனாம்பட்டினத்துக்கு மாப்பிள்ளையாக வந்த பாண்டியனுக்குக் கடலூரில் வெல்டிங் பட்டறை. செம்மங்குப்பம் கம்பெனிக்காரர்கள்கூடத் தேடி வந்து வேலை கொடுப்பார்கள். மாமியார் ராணியம்மாள் மட்டும் பதினெட்டு வருஷமாக ஒரு ஆணி அடிக்கக்கூடக் கூப்பிட்டதில்லை.

"முந்திரிக்காட்டு ஆளுக்குப் படகு வேல என்னா தெரியும்?" என்று மகள் சினேகாவிடமே சொல்வார். மற்றபடி மரியாதைக்குக் குறைவில்லை. மாப்பிள்ளை வந்தால் வஞ்சிர வறுவல் தட்டு நிறைய விழும். வயிறு நிறைந்ததே தவிர பாண்டியனுக்கு மனசு நிறையவில்லை.

இந்தத் தை மாதம், ராணியம்மாள் வீட்டு மீன்பிடிப் படகைப் பழுதுபார்க்க ஏற்றிப்போன டிரெய்லர் பள்ளத்தில் இறங்கி ஒரு டயர் வெடித்துவிட்டது. ஒற்றை அச்சு வண்டி. படகு சரிந்து, நல்லவேளை, விழவில்லை. எப்படியோ பழுதுபார்க்கும் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். வழக்கமான மெக்கானிக்கோ வெளியூரில். வேறு வழியில்லாமல் மருமகனைக் கூப்பிட்டார் ராணியம்மாள்.

"ரெண்டு அச்சா போட்டுக் குடுங்க மாப்ள. ஒரு டயர் போனாலும் மத்தது தாங்கணும்."

படகை இறக்குவதற்கு முன்பே, எங்கே எவ்வளவு பாரம் என்று பாண்டியன் அளந்துகொண்டான். எஞ்சின் இருந்த முன்பக்கம் பாரம் அதிகம் என்பதால் பழைய அச்சை முன்னே தள்ளி, இன்னொன்றை அதற்குப் பின்னால் வைத்து, இரண்டின் பட்டை ஸ்பிரிங்கையும் நடுவில் ஆடும் ஓர் இரும்புத் துண்டால் கோத்தான். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றது பாரத்தை வாங்கிக்கொள்ளும். தன் வேலையைத் தானே சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டான்.

பழுது முடிந்து படகை ஏற்றியதும் வண்டி பின்பக்கம் குந்தியது. டிராக்டரில் மாட்டும் முன்கொக்கி அந்தரத்தில் எழும்பியது. பாண்டியன் முகத்தில் ஈயாடவில்லை. வரும்போது டிராக்டர் பக்கம் இருந்த எஞ்சின் இப்போது வண்டியின் வால்பக்கம் இருந்தது.

"அத்த, படகத் திருப்பி ஏத்திட்டாங்க!"

"சரியாத்தான் ஏத்தியிருக்கு. எங்க வூட்டுப் படகு ரோட்டுல வந்தாலும் போனாலும் மூக்கு கடலத்தான் பாத்திருக்கும். முதுகு காட்டிப் போவாது. இது தெரியாதா ஒங்களுக்கு?"

தெரியாது. பதினெட்டு வருஷமாகப் பார்த்திருக்கிறான், கவனித்ததில்லை. அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை யார் வாய்விட்டுச் சொல்வார்கள்? வெட்கம் பிடுங்கித் தின்றது. 'படகைத் திருப்பி வையுங்கள்' என்று வாய்வரை வந்ததை விழுங்கினான். அதைச் சொல்லியிருந்தால் ஆயுசுக்கும் முந்திரிக்காட்டு ஆள்தான்.

"ரெண்டு நாள் குடுங்க அத்த," என்றான்.

வெல்டிங்கை அறுத்தான். இரண்டு அச்சையும் தனிச் சட்டத்தில் மாட்டி, அந்தச் சட்டம் வண்டிக்கு அடியில் முன்னும் பின்னும் நகரும்படி செய்தான். நாலு போல்ட்டைக் கழற்றினால் போதும். படகு போகும்போது ஓரிடம், வரும்போது ஓரிடம்.

மூன்றாம் நாள் படகு கடலைப் பார்த்தபடியே கிளம்பியது. கொக்கி அசையவில்லை. டயர் வெடித்த அதே பள்ளத்தில் சக்கரங்கள் ஒன்று மாற்றி ஒன்று இறங்கி ஏற, படகு அலுங்காமல் கரை சேர்ந்தது.

ராணியம்மாள் இரண்டு தேங்காய் வைத்திருந்தார். படகுக்கு எப்போதும்போல அவரே உடைத்தார். மற்றதைப் பாண்டியனிடம் நீட்டினார்.

"வண்டிக்கு நீங்க ஒடைங்க மாப்ள. அடுத்த மாசம் எஞ்சினுக்கு அடிச்சட்டம் மாத்தணும், அதையும் நீங்கதான் பாக்கணும்."

அவன் உடைத்த வேகத்தில் சில்லுகள் தண்ணீர்வரை தெறித்தன. அன்றைக்குத் தட்டில் வஞ்சிரம் விழுந்ததா இல்லையா என்றுகூட அவனுக்கு நினைவில்லை.