சம்பள மெசேஜ் யாருக்கு வரும்?

என் கணவர் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வெல்டராக இருந்தார். போலந்தில் வேலை கிடைத்ததும், கிளம்பும் முன்பே அங்கே வங்கிக் கணக்கு தொடங்கித் தருவதாக ஓர் ஏஜென்ட் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

கணவர் கையெழுத்துப் போடப் போன படிவத்தை நான் வாங்கிப் பார்த்தேன். எனக்கு ஆங்கிலம் அரைகுறைதான். ஆனால் செல்போன் எண் எங்களுடையது இல்லை என்று தெரிந்தது.

"இது யாரு நம்பருங்க?"

"என்னுதும்மா. ஓடிபி எனக்கு வந்தா சீக்கிரம் முடிச்சிடுவேன்."

"அப்போ இவரு சம்பளம் ஏறுனா மெசேஜ் உங்களுக்குத்தான வரும்?"

கையெழுத்தை நாளைக்குப் பார்க்கலாம் என்று அவரை அனுப்பிவிட்டேன்.

"ஊடு தேடி வந்தவர இன்னாத்துக்கு சந்தேகப்பட்டுக்கினு கீற?" என்று கணவர் கோபித்துக்கொண்டார். ஆனாலும் போலந்து கம்பெனியிடம் மின்னஞ்சலில் கேட்டார். தாங்கள் யாரையும் அனுப்பவில்லை என்றும், அங்கே வந்தபின் கணவரே கணக்கு தொடங்க உதவுவதாகவும் பதில் வந்தது. அதைப் படித்துவிட்டு போனை என்னிடம் நீட்டினார். "வெளிநாட்டு வேலைக்கு எட்டு வருசமா காத்துக்கினு இருந்தேன்மா. அந்த அவசரத்துல கண்ணு தெரியல" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது அவர் போலந்தில் இருக்கிறார். நான் எந்தப் படிவத்திலும் செல்போன் எண்ணைச் சரிபார்த்த பிறகே கையெழுத்துப் போடுகிறேன்.

- செ. மேரி, பொன்னேரி