மரம் அறுக்கும் மெஷினும் என் நெசவுக் கையும்

2002-ஆம் ஆண்டு ஐப்பசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. ஆரணியில் எங்கள் தெருவில் விடியற்காலை ஐந்தேகால் மணிக்கு வீசிய காற்றில், தெருக்கோடியில் நின்ற தூங்குமூஞ்சி மரம் என் அடுத்த வீட்டுக்காரரின் தறிக்கூடத்தின் மேல் சாய்ந்தது. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை. ஆனால் முந்தைய நாள்தான் பிணைத்து முடித்த பட்டுப் பாவு, அதாவது புடவையின் நீளவாட்டு இழைகள், தறியில் இருந்தது. மூன்று முகூர்த்தப் புடவைகளுக்கு உரியது. கூரையின் உத்திரம் விரிசல் விட்டு, மரத்தின் பாரத்தை எப்படியோ தாங்கிக்கொண்டிருந்தது.

"ஒரு மழ வந்தா பட்டு மொத்தமும் பூட்ச்சு. நான் உள்ள பூந்து பாவ அவுத்துகினு வந்துடறேன்" என்று அவர் கிளம்பினார். அவர் மனைவி வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"பாவு போனா போவுது. உத்திரம் உன் தலமேல வுழுந்தா நான் இன்னாய்யா பண்ணுவேன்?"

கோடரியால் வெட்டினால் அந்த அதிர்விலேயே உத்திரம் முறியும். அதனால் தேசூர் பக்கத்திலிருந்து வந்து டவுனில் மரம் வெட்டும் ஒருவரை அழைத்து வந்தோம். அவரிடம் பெட்ரோலில் ஓடும் மரம் அறுக்கும் மெஷின் இருந்தது. யாரோ பயன்படுத்தித் தேய்த்ததை அவர் வாங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஏணியில் ஏறி முதல் கிளையில் வைத்ததும் அது இருமிவிட்டு நின்றது. மூன்று தடவையும் அப்படியே.

"இது ஒரே பேஜாருங்க. அதுக்கா தோணுனாதான் ஓடும்" என்றார்.

நான் நெசவாளன். ஆனாலும் என் மொபெட்டை நானே பிரித்து மாட்டுவேன். செய்கிற வேலையை நேரத்தோடு டைரியில் குறிப்பதும் என் வழக்கம். மெஷினைக் கீழே இறக்கச் சொன்னேன். அடுத்த வீட்டுக்காரர், "எட்டு மணி வரிக்கும்தான் பாப்பேன். அப்புறம் யார் சொன்னாலும் உள்ள போயிடுவேன்" என்று கெடு வைத்தார்.

7.10-க்குக் காற்று வடிகட்டியைக் கழற்றினேன். முழுக்க மரத்தூள். பெட்ரோலில் கழுவி உலர்த்தி மாட்டினேன். 7.25-க்கு ஸ்பார்க் பிளக்கின் கரியை உப்புத்தாளால் தேய்த்தேன். 7.35-க்குக் கார்புரேட்டர் திருகைக் கால் சுற்றுத் திறந்தேன். இன்ஜின் சத்தம் தெளிந்தது. சும்மா விட்டால் சீராக ஓடியது. தரையில் கிடந்த கிளையில் வைத்தால் மட்டும் திணறி நின்றுவிட்டது. நான் மறுபடி டைரியை எடுத்தேன்.

"இன்னாங்கண்ணா, மெஷினுக்கு லெட்டர் எழுதறீங்களா?" என்று மரம் வெட்டுபவர் கேட்க, தெருவே சிரித்தது. வடக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

டைரியில் இருந்த மூன்று குறிப்புகளும் இன்ஜினைப் பற்றியவை. இன்ஜின்தான் நன்றாக ஓடுகிறதே என்று யோசித்தபடி, சங்கிலி சுற்றி ஓடும் நீளத் தகட்டைத் தொட்டேன். விரல் சுட்டது. அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு முறை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பும் நான் சங்கிலியை இறுக்கியிருந்தேன். பாவு தொய்ந்தால் புடவை கெடும். தொய்வைக் கண்டால் உடனே இழுத்துக் கட்டுவது இருபத்தைந்து வருடப் பழக்கம். அதைக் குறிக்க வேண்டிய ஒரு வேலையாகவே என் கை நினைக்கவில்லை. சும்மா ஓடும்போது சங்கிலி சுற்றாது. ஆக்ஸிலேட்டரை அழுத்தினால்தான் சுற்றும். சுற்ற முடியாமல் அதுதான் இன்ஜினை நிறுத்தியிருக்கிறது. வடிகட்டியோடு பழைய கோளாறு தீர்ந்துவிட்டது. புதிய கோளாறு நான் செய்தது.

தகடு ஆறியதும் சங்கிலியைத் தளர்த்தினேன். கையால் தள்ளினால் தடையில்லாமல் நகர வேண்டும். இழுத்து விட்டால் தகட்டோடு திரும்ப ஒட்ட வேண்டும். அந்த இடம் வரும்வரை திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். அடைத்திருந்த எண்ணெய்த் துளையையும் கம்பியால் குத்திவிட்டேன். மணி 7.52.

"தப்பு என்னுதுதாங்க. நான்தான் ஓவரா இறுக்கிட்டேன். இப்ப வெச்சிப் பாருங்க."

வைத்தார். மரத்தூள் அவர் காலடியில் குவிந்தது. கிளை இரண்டாக விழுந்தது.

"ஐய, இது என் மெஷினே இல்லீங்க!" என்று கத்திவிட்டு ஏணிக்கு ஓடினார்.

ஒவ்வொரு கிளையையும் கயிற்றில் கட்டி இறக்கினோம். ஒன்பதரைக்கு மரத்தின் பாரம் நீங்கியது. உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்து, கூரைமேல் தார்ப்பாய் விரித்த பிறகுதான் அடுத்த வீட்டுக்காரரை உள்ளே விட்டோம். சிறிது நேரத்தில் மழை கொட்டியது. பாவில் ஒன்பது இழைகள் மட்டும் அறுந்திருந்தன. அவற்றை அன்று மாலை நானே பிணைத்துக் கொடுத்தேன்.

அதன்பின் அந்த மெஷின் மக்கர் செய்தால் மரம் வெட்டுபவர் நேராக என் வீட்டுக்குத்தான் வருவார். அதேபோல் மெஷின் வைத்திருந்த வெம்பாக்கத்துக்காரர் ஒருவரையும் ஒருமுறை அழைத்து வந்து, "டவுன்ல ஒரு மெக்கானிக் கீறாரு, தறி நெய்றாரு" என்று அறிமுகப்படுத்தினார்.

நான் நெய்த புடவைகளைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு. ஆனால் தெருவே பார்த்துக்கொண்டிருக்க என் தவறை நானே கண்டுபிடித்து, வாய்விட்டுச் சொல்லி, கெடு முடிய எட்டு நிமிடம் இருக்கும்போதே அதைச் சரிசெய்தேன் என்பது, அடுத்த வீட்டில் தறி ஓடும் சத்தம் கேட்கும் ஒவ்வொரு காலையிலும் அதைவிடப் பெரிய பெருமையாக இருக்கிறது.