பத்தொன்பது நாள் மூடாத திரை

தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைனிலுள்ள வீட்டிலிருந்து விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூரு போய்வருவதில் லவினாவுக்கு ஏழு வருடம் ஓடிவிட்டது. கம்பெனியின் லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. வெள்ளிக்கிழமைக்குள் நாற்பது சர்வர்களுக்கும் தனியாளாக அப்டேட் போட்டுக் காட்டினால், வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று மேனேஜர் ஷில்பா சொல்லியிருந்தார்.

அட்மின் உரிமையுள்ள குழுவில் அவளைச் செவ்வாய்க்கிழமையே சேர்த்தாயிற்று. ஆனாலும் சர்வர் அவளை அட்மினாக ஏற்கவில்லை. வியாழன் மாலை பொறுமை போய், "டைரக்டரி டீம் என்னைச் சரியாகச் சேர்க்கவில்லை" என்று ஷில்பாவுக்கே மெயில் தட்டிவிட்டாள். ஆட்களைக் குழுக்களில் சேர்க்கும் அந்த டீம் என்றால் நரேஷ்தான். பக்கத்து ராபர்ட்சன்பேட்டைக்காரன், அவள் போகும் ரயிலில்தான் அவனும் போவான். வெள்ளி காலை ரயிலில் அவள் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"இன்னாக்கா, நேரா மேனேஜருக்கே மெயிலா? எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

"நீ சேத்துட்டேன்ற. மெஷின் இல்லன்னுது. நான் யார நம்பறது?"

"லாக் அவுட் பண்ணிட்டு வந்தீங்களா?"

"நாலு வாட்டி."

"எந்தக் குழுவுல இருக்கீங்கன்னு சர்வர்கிட்ட உங்க பேரப் போட்டு கேளுங்க. அப்புறம் பேரில்லாம கேளுங்க."

லவினா மடியில் லேப்டாப்பைத் திறந்தாள். பெயரைச் சொல்லிக் கேட்டால், லவினா குழுவில் இருக்கிறாள் என்றது சர்வர். வெறுமனே 'நான் யார்' என்று கேட்டால், குழுவின் பெயரே பட்டியலில் இல்லை.

பங்காருபேட்டை தாண்டியதும் நெட் சிக்னல் அறுந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இப்படி அறுந்தாலும் வேலை பாதியில் நிற்கக் கூடாதென்று, சர்வருக்குள்ளேயே மூடாத திரை ஒன்றை ஓடவிட்டிருந்தாள். லாக் அவுட் செய்துவிட்டுத் திரும்பிய ஒவ்வொரு தடவையும் போய் உட்கார்ந்தது அதே திரையில்தான். அதைத் திறந்து பத்தொன்பது நாள். திறந்த அன்று அவள் எந்தெந்தக் குழுவில் இருந்தாளோ, அதுதான் அதற்குத் தெரியும். எத்தனை முறை வெளியே போய்வந்தாலும், உள்ளே இருந்தது பழைய லவினாதான்.

சிக்னல் வந்ததும் அதை மூடிவிட்டுப் புதிதாக நுழைந்தாள். அட்மின் உரிமை கிடைத்துவிட்டது.

'சரியாகிவிட்டது' என்று ஒரு வரி அனுப்பினால் போதும், யாரும் கேட்கப்போவதில்லை. உண்மையைச் சொன்னால், சொந்தத் தவறை மூன்று நாள் கண்டுபிடிக்காதவளை நம்பி யார் வீட்டிலிருந்து வேலை பார்க்க விடுவார்கள்? ஒயிட்ஃபீல்டு வரைக்கும் யோசித்தாள். பிறகு, "நரேஷ் செய்தது சரி. தவறு என் பழக்கத்தில்" என்று தொடங்கி, நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதி ஷில்பாவுக்கு அனுப்பினாள்.

நாற்பதாவது சர்வர் முடிய மணி நாலு. ஷில்பா மேசைக்கே வந்து, அந்த மெயிலை எல்லா டீமுக்கும் அனுப்பிவிட்டதாகச் சொன்னார். திங்கட்கிழமை ஆபீஸ் வர வேண்டாம், வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றும் சொன்னார்.

"ஊரே படிச்சிருச்சாக்கா உங்க கதைய?" என்றான் நரேஷ், சாயங்கால ரயிலில்.

"படிக்கட்டும்பா," என்றாள் லவினா. "திங்கக்கெழம எட்டு மணி வரைக்கும் தூங்குவேன்."